அலுவலகக் கோபுரத்தை கான்டோ வீடுகளாக மாற்றுவது எப்படி? லோயர் மன்ஹாட்டனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காலியாகக் கிடக்கும் அலுவலகக் கோபுரத்தை வாங்கி, கான்டோக்களாக, அதாவது ஒவ்வொன்றும் தனி உரிமையாளருக்கு விற்கும் அடுக்குமாடி வீடுகளாக்கி விற்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஜன்னலிலிருந்து லிஃப்ட் சுவர் வரை எத்தனை அடி? விலை, வட்டி, இடம் எல்லாம் அப்புறம். இந்த ஓர் அளவு ஒத்துவராத கட்டடத்தில் எத்தனை கோடி கொட்டினாலும், வெளிச்சம் எட்டாத சதுர அடிகளைத்தான் விற்க வேண்டியிருக்கும்.

உதாரணங்களை நியூயார்க்கின் லோயர் மன்ஹாட்டனிலிருந்தே எடுக்கிறேன். இந்த வேலை அங்கே முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. 1995-ல் 421-ஜி என்ற வரிச்சலுகை வந்த பிறகு வால் ஸ்ட்ரீட்டைச் சுற்றியுள்ள பழைய அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வீடுகளாயின. கொரோனாவுக்குப் பிறகு மாடி மாடியாக அலுவலகங்கள் காலியானதும் இரண்டாவது அலை தொடங்கியது. ஊர் எதுவானாலும் கட்டடத்தைப் பற்றிய பகுதி பொருந்தும். சட்டம், பத்திரம் பற்றிய பகுதி நியூயார்க்குக்கு உரியது.

1. கட்டடத்தின் வயதைப் பாருங்கள்

பழைய கட்டடம்தான் இதற்கு நல்லது. குழல் விளக்கும் ஏசியும் பரவாத காலத்தில், ஒவ்வொரு மேசைக்கும் வெளிச்சமும் காற்றும் ஜன்னல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் கட்டடத்தை ஒல்லியாகக் கட்டினார்கள். 1916-ல் வந்த நியூயார்க் மண்டலச் சட்டமும் உயரம் கூடக் கூடக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்றது. வால் ஸ்ட்ரீட்டும் பிராட்வேயும் சந்திக்கும் முனையில் நிற்கும் ஒன் வால் ஸ்ட்ரீட் அந்தக் காலத்துப் பிள்ளை. கட்டடக் கலைஞர் ரால்ஃப் வாக்கர் ஒரு வங்கிக்காக வடிவமைத்து 1931-ல் முடித்த கோபுரம். 2014-ல் மேக்லோ நிறுவனம் அதை 58.5 கோடி டாலருக்கு வாங்கி, 566 கான்டோ வீடுகளாக மாற்றியது. மேலே போகப் போக மாடி சுருங்குவதால் மேல் மாடி வீடுகளில் எந்த மூலையும் ஜன்னலுக்கு வெகு தூரத்தில் இல்லை.

1950-க்குப் பிறகு வந்த கோபுரங்கள் வேறு ஜாதி. விளக்கும் ஏசியும் கைவசம் வந்ததும் மாடிகள் அகன்று பருத்தன. நடுவில் உட்காருகிறவருக்கு வானம் தெரியாது. ஆனாலும் இன்று காலியாகக் கிடப்பவற்றில் பல இந்த வகைதான். ஆகவே இவற்றையும் விட்டுவிட முடியாது.

2. நேரில் போய் அளந்து பாருங்கள்

விற்பவர் தரும் பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு காலி மாடிக்கு மதியம் மூன்று மணிக்குப் போங்கள். கார்ப்பெட்டைப் பிய்த்த தரையில் பழைய கேபின்களின் கோடுகள் இன்னும் தெரியும். விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு செய்தித்தாளோடு ஜன்னலருகில் தொடங்கி உள்பக்கமாக நடங்கள். இருபது அடி வரை சுகமாகப் படிக்கலாம். முப்பதை நெருங்கும்போது கண் சுருங்கும். நாற்பதில் தலைப்புகள் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் நீங்கள் விலை கொடுத்து வாங்கப்போகும், ஆனால் நல்ல விலைக்கு விற்க முடியாத பரப்பு.

இப்போது கணக்கு. 200 அடி நீளம், 150 அடி அகலம் உள்ள ஒரு மாடி. நடுவில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் சேர்ந்த கோர் 80-க்கு 50 அடி. நீளப் பக்கத்தில் ஜன்னலிலிருந்து கோர் வரை 50 அடி. பொது நடைபாதைக்கு 5 அடி போனால் வீட்டின் ஆழம் 45 அடி. 25 அடி அகலத்தில் ஒரு வீட்டை வெட்டினால் 1,125 சதுர அடி. ஆனால் ஜன்னல் சுவர் 25 அடிதான். ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும்தான் அதில் உட்காரும். புதிதாகக் கட்டும் கட்டடத்தில் ஒரு படுக்கையறை வீட்டை 700 சதுர அடிக்குள் அழகாக முடித்துவிடலாம். மீதி நானூறு சதுர அடிக்கு என்ன செய்வது? குளியலறை, துணி அலமாரி, துவைக்கும் இடம் என்று கொஞ்சம் போகும். மிச்சத்தை வரைபடத்தில் ‘ஹோம் ஆபீஸ்’ என்று எழுதுவார்கள். ஜன்னல் இல்லாததால் அதைப் படுக்கையறை என்று சட்டப்படி சொல்ல முடியாது. வாங்குகிறவருக்கும் இது தெரியும். பேரம் பேசும்போது அந்த நானூறு அடிக்குப் பாதி மதிப்புதான் போடுவார்.

கோரிலிருந்து ஜன்னல் வரை 30 அடிக்குள் இருந்தால் தைரியமாக அடுத்த படிக்குப் போங்கள். 40-ஐத் தாண்டினால் பின்னால் சொல்லப்போகும் முற்றம் வெட்டும் வேலை வரும். அதன் செலவை இப்போதே வாங்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

ஸ்லாபுக்கும் ஸ்லாபுக்கும் இடையே உள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் இது பன்னிரண்டு, பதின்மூன்று அடி இருக்கும். வீட்டுக்குப் பத்து அடியே தாராளம். இந்தக் கூடுதல் உயரம் உங்களுக்கு வரம். குழாயையும், ஏசிக் காற்று போகும் டக்ட்டையும் மறைத்த பிறகும் உயரமான கூரை மிஞ்சும்.

3. யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்?

முப்பது மாடி காலி, இரண்டு மாடியில் ஒரு வக்கீல் அலுவலகம் இன்னும் ஆறு வருடக் குத்தகையோடு. இது ஒன்றே வேலையை முடக்கிவிடும். குடியிருப்பவர் தலைக்கு மேல் ஸ்லாபை உடைக்க முடியாது, அவருடைய ஏசியை நிறுத்தவும் முடியாது. ஒவ்வொரு குத்தகையிலும், கட்டடத்தை இடிப்பதென்றால் குத்தகையை முன்பே முடித்துக்கொள்ளலாம் என்ற ‘இடிப்புப் பிரிவு’ இருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்து வரி வரியாகப் படியுங்கள். இல்லையென்றால் வெளியேறப் பணம் கேட்பார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

4. சட்டம் அனுமதிக்கிறதா?

புதுக் குடியிருப்புக்கான விதிகளை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் எந்தப் பழைய அலுவலகமும் தேறாது. பின்முற்றம் இருக்காது, மொத்தப் பரப்பும் சட்டம் அனுமதிக்கும் வரம்பைத் தாண்டியிருக்கும். அதனால் நியூயார்க்கில் பழைய கட்டடங்களுக்கென்று தனித் தளர்வுகள் வைத்திருக்கிறார்கள். முன்பு லோயர் மன்ஹாட்டனில் 1977-க்கு முன் கட்டியவைக்கும், நகரின் பெரும்பகுதியில் 1961-க்கு முன் கட்டியவைக்கும்தான் அந்தத் தளர்வு கிடைத்தது. 2024 டிசம்பரில் நகரமன்றம் நிறைவேற்றிய ‘சிட்டி ஆஃப் யெஸ்’ திருத்தம் இந்தக் கோட்டை 1990 கடைசி வரை நகர்த்தியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த பருத்த கோபுரங்களுக்கு இதனால்தான் வழி திறந்தது.

கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமா என்பதையும் பாருங்கள். ஆம் என்றால் ஓர் ஜன்னலை மாற்றவும் லேண்ட்மார்க்ஸ் ஆணையத்தின் அனுமதி வேண்டும். 1913-ல் முடிந்த வுல்வொர்த் கட்டடம் அப்படிப்பட்டது. அதன் மேல் பகுதியை மட்டும் கான்டோவாக்கினார்கள், கீழே அலுவலகங்கள் தொடர்கின்றன. முழுக் கோபுரத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மேலே போகப் போக ஒல்லியாகும் கட்டடத்தில் இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

5. வாடகைக்கா, விற்பதற்கா?

பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். செய்தியில் படிக்கும் சலுகைகளில் முக்கியமானவை கான்டோவுக்குக் கிடையாது.

2024-ல் வந்த 467-எம் வரிவிலக்கு, மன்ஹாட்டனில் 96-ஆம் தெருவுக்குத் தெற்கே சொத்துவரியில் 90 சதவீதம் வரை விலக்கு தருகிறது. ஆனால் அது வாடகைக் குடியிருப்புக்கு மட்டும். வீடுகளில் கால்வாசியைக் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு எட்டும் வாடகையில் கொடுக்கவும் வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு மத்திய அரசு தரும் 20 சதவீத வரிக்கழிவும் வருமானம் தரும் சொத்துக்கானது. ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டிவரும்.

லோயர் மன்ஹாட்டனின் 25 வாட்டர் ஸ்ட்ரீட் கட்டடம் உள்படப் பெரிய மாற்றங்கள் பலவும் வாடகை வீடுகளாக வந்ததற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். கான்டோ என்றால் சலுகை இல்லாமல், விற்பனை விலையை மட்டும் நம்பித் தாங்க வேண்டும். ஆற்றையோ துறைமுகத்தையோ பார்க்கும் ஜன்னல், நல்ல உயரம், பேர் சொன்னால் தெரியும் முகவரி இவை இருந்தால் விற்பனைக்குப் போங்கள். இல்லையென்றால் வாடகையே பாதுகாப்பு.

6. வாங்கும் முன் திறந்து பாருங்கள்

பழைய வரைபடத்தை நம்பி விலை பேசாதீர்கள். நான் வேலை செய்த ஒரு கட்டடத்தில், வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டிய சுவருக்குள் ஒரு சாய்வு எஃகுத் தாங்கி இருந்தது. அதைச் சுற்றிப் பதினெட்டு மாடிக்குக் குளியலறைகளை மறுபடி வரைந்தோம். வாங்கும் முன்பே பத்துப் பன்னிரண்டு இடங்களில் சுவரையும் கூரையையும் வெட்டிப் பார்த்திருந்தால் அந்த நான்கு மாதம் மிச்சம்.

எடை விஷயத்தில் பயம் வேண்டாம். அலுவலகத்துக்குச் சதுர அடிக்கு 50 பவுண்டு சுமை, தடுப்புச் சுவர்களுக்குத் தனியே என்று கணக்கிட்டிருப்பார்கள். வீட்டுக்கு 40 பவுண்டு போதும். தூண்கள் பெரும்பாலும் தாராளமாகத் தாங்கும்.

கவலை ஸ்லாபில்தான். நியூயார்க்கின் பழைய எஃகுக் கட்டடங்களில் ஸ்லாப் என்பது நிலக்கரிச் சாம்பல் கலந்த லேசான கான்கிரீட். அதற்குள் ஒரு கம்பி வலை, இரண்டு பீம்களுக்கு நடுவே ஊஞ்சல் கயிறு போலத் தொங்கிக்கொண்டிருக்கும். சுமையைத் தாங்குவது அந்த வலைதான். ஒரு கழிப்பறைக் குழாய்க்காக நடுவில் வெட்டினால், வெட்டிய இடம் மட்டும் பலவீனமாகாது, அந்தக் கட்டம் முழுவதும் தொய்ந்துவிடும். பெரிய துளை என்றால் சுற்றிலும் எஃகுச் சட்டம் பொருத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பின்னாள் கட்டடங்களில் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் இருந்தால் ஆபத்து வேறு. இழுத்துக் கட்டிய கேபிளை டிரில் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ரேடார் கருவியால் ஸ்லாபை ஸ்கேன் செய்து, கேபிள் போகும் தடத்தைச் சிவப்பு வண்ணத்தில் வரைந்த பிறகே டிரில்லை எடுக்க விடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸைத் தேடாமல் ஒரு சுவரையும் தொடக்கூடாது. நியூயார்க்கில் 1987 ஏப்ரலுக்கு முந்தைய கட்டடங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். குழாய் உறை, தரை ஓடு, எஃகின் மேல் தெளித்த தீத்தடுப்புப் பூச்சு எல்லாவற்றிலும் இருக்கலாம். அப்புறம் பேஸ்மென்ட். 2012-ல் சாண்டி புயலின்போது கடல் நீர் லோயர் மன்ஹாட்டனின் பேஸ்மென்ட்களில் புகுந்து மின் அறைகளை மூழ்கடித்தது. அங்கே கட்டடம் வாங்கினால், கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் கியரை வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கும் செலவை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

7. குழாய்களை வைத்து வீட்டை வரையுங்கள்

அலுவலக மாடியில் கழிப்பறை இரண்டே இரண்டு, அதுவும் கோரை ஒட்டி. வீடானால் ஒரே மாடியில் இருபது சமையலறை, முப்பது குளியலறை. ஆகவே முதலில் செங்குத்துக் குழாய் வரிசைகளைத் தூண்களை ஒட்டி நிறுத்துங்கள், வீடுகளை அவற்றைச் சுற்றி வரையுங்கள். மேலிருந்து கீழ் வரை சமையலறைக்குக் கீழே சமையலறை, குளியலறைக்குக் கீழே குளியலறை. ஏதோ ஒரு மாடியில் அழகுக்காக ஒரு குளியலறையை மூன்றடி தள்ளினால், அந்தக் குழாய் வளையும் இடம் கீழ் வீட்டின் கூரையில் ஒரு தொங்கலாக நிற்கும்.

நம் ஊரில் குளியலறைக்கு ஸ்லாபைத் தாழ்த்தி அதற்குள்ளேயே குழாயை ஓட்டுவார்கள். இங்கே அது முடியாது. உங்கள் கழிப்பறைக் குழாய் கீழ் வீட்டுக்காரரின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தொங்கும். ஒழுகினால் அவர் வீட்டில்தான் ஒழுகும். அந்தக் குழாய் யாருடையது, திறக்கவும் பழுதுபார்க்கவும் யாருக்கு உரிமை என்பதை கான்டோ பத்திரத்தில் இப்போதே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சத்தம் கேட்காமலிருக்க, கழிவுக் குழாய்க்கு பிளாஸ்டிக்கைவிட வார்ப்பிரும்பு நல்லது. வாங்குகிறவர் மாடல் வீட்டில் இதைக் கவனிக்க மாட்டார். குடிவந்த முதல் இரவிலேயே கேட்டுவிடுவார்.

ஜன்னல்கள் பெரும்பாலும் திறக்காத கண்ணாடிகளாக இருக்கும். வீட்டுக்குத் திறக்கும் ஜன்னல் வேண்டும். கண்ணாடிச் சுவர் முழுவதையும் மாற்ற வேண்டிவந்தால் பட்ஜெட்டில் மிகப் பெரிய வரிகளில் ஒன்று அதுதான்.

8. மாடி பருமனாக இருந்தால்: முற்றம்

நம் பழைய வீடுகளில் நடுவில் முற்றம் விட்டதற்கு என்ன காரணமோ, அதே காரணத்துக்காக எஃகுக் கோபுரத்தின் நடுவிலும் முற்றம் வெட்டுகிறார்கள். 25 வாட்டர் ஸ்ட்ரீட் 1969-ல் வங்கி வேலைகளுக்காகக் கட்டியது. செங்கல் சுவரில் கீற்றுப் போன்ற ஜன்னல்கள். 22 மாடிக் கட்டடம். அதன் நடுவில் இரண்டு முற்றங்களை மேலிருந்து கீழே வெட்டி இறக்கினார்கள், வெளிச்சுவரைப் புதிதாக்கினார்கள், உச்சியில் பத்து மாடிகளைச் சேர்த்தார்கள். இப்போது அங்கே சுமார் 1,300 வீடுகள்.

மேலே ஏன் மாடி சேர்க்க வேண்டும்? நடுவில் இழந்த பரப்பு வீணாகக்கூடாது. இருட்டில் கிடந்த சதுர அடியை எடுத்து, வானமும் கடலும் தெரியும் உயரத்தில் வைத்தால் அதன் விலை பல மடங்கு. 1972-ல் கட்டிய 160 வாட்டர் ஸ்ட்ரீட்டில் இதை இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். அங்கே வெட்டிய மூன்று குழிகளும் வெளிச்சத்துக்காக அல்ல, ஜன்னலே வைக்காமல் மூடிவிட்டார்கள். பயனற்ற பரப்பை, சட்டம் அனுமதிக்கும் மொத்தப் பரப்புக் கணக்கிலிருந்து எடுத்து, உச்சியில் ஐந்து புது மாடிகளுக்குக் கொடுப்பதே நோக்கம். எனக்கு இதுதான் இந்தத் துறையில் மிகப் புத்திசாலித்தனமான யோசனையாகப் படுகிறது.

வெட்டும்போது தூண் வரிசைக்குள் முழுக் கட்டம் கட்டமாக வெட்டுங்கள். காற்றைத் தாங்கும் எஃகுச் சட்டங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றனவோ அதைத் தொடாதீர்கள். நடுவில் குறைந்த எடை, மேலே ஏறும் எடை இரண்டையும் ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியே கூட்டிக் கழித்து, அஸ்திவாரம் வரை இறக்கிப் பார்க்க வேண்டும்.

9. லிஃப்ட், படிக்கட்டு, தீ

இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மேலே போக வேண்டும், வீட்டில் அப்படியில்லை. லிஃப்ட் தண்டுகள் பல மிஞ்சும். அவற்றில் குப்பைக் குழாய், மின்கம்பி, காற்று டக்ட் எல்லாவற்றையும் இறக்கலாம். மாடிக்கு மாடி ஸ்லாப் போட்டு மூடினால் வீட்டுக்குள் அலமாரி இடமாகவும் சேர்க்கலாம். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லா அறைகளுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்மீட்டரும் தனி ஏசிக் கட்டுப்பாடும் வையுங்கள், பின்னாளில் சண்டை குறையும்.

10. கான்டோவாக ஆக்கும் பத்திர வேலை

கட்டுமானம் நடக்கும்போதே இது இணையாக ஓட வேண்டும். நியூயார்க்கில் 1921-ல் வந்த மார்ட்டின் சட்டத்தின் கீழ், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ‘ஆஃபரிங் பிளான்’ என்ற விற்பனைத் திட்ட ஆவணத்தை ஏற்றுக்கொள்ளும் வரை ஒரு வீட்டையும் விற்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். எல்லா வீடுகளின் விலை, முதல் ஆண்டுப் பராமரிப்பு பட்ஜெட், கட்டடத்தின் நிலை பற்றிப் பொறியாளர் அறிக்கை, வரைபடம், விதிமுறை எல்லாம் அதில் இருக்கும். குறைந்தது 15 சதவீத வீடுகளுக்கு ஒப்பந்தம் ஆன பிறகே திட்டம் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கலாம்.

வாங்குகிறவர் கொடுக்கும் முன்பணம், நீங்கள் கைவைக்க முடியாத எஸ்க்ரோ என்ற பொறுப்புக் கணக்கில் கிடக்கும். கட்டக் கட்டத் தவணை வாங்கி அதிலேயே கட்டிப் பழகியவர்கள் இதை மனத்தில் வையுங்கள். கட்டுமானத்துக்கு உங்கள் சொந்த முதலும் வங்கிக் கடனும்தான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுச் சொத்தில் இத்தனை சதவீதம் என்று பிரிக்க வேண்டும். நம் பத்திரங்களில் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதுவார்களே, அதற்கு நெருங்கிய ஏற்பாடு. மாதப் பராமரிப்புக் கட்டணம் பொதுவாக இந்தச் சதவீதத்தின்படிதான் வரும். பரப்பை மட்டும் வைத்துப் பிரித்தால், இருட்டுப் பரப்பு அதிகமுள்ள கீழ்மாடிக்காரர் உச்சி மாடிக்காரர் அளவுக்குக் கட்ட வேண்டியிருக்கும். மதிப்பையும் சேர்த்துப் பிரிப்பதே நியாயம்.

கீழ்மாடிக் கடைகளைத் தனி யூனிட்டாக்குங்கள். ஆனால் வணிகப் பரப்பு 35 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனி மே என்பது வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் அமெரிக்க நிறுவனம். தாண்டினால் அதன் விதிப்படி அந்தக் கட்டடத்தின் வீட்டுக்கடன்களை அது வாங்காது. புதிய திட்டத்தில் பாதி வீடுகளாவது, குடியிருக்கவோ இரண்டாம் வீடாகவோ வாங்குபவர்களுக்கு விற்றோ ஒப்பந்தமாகியோ இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. வாங்குகிறவரின் வங்கி பின்வாங்கினால் உங்கள் விற்பனையும் நிற்கும்.

கட்டடத்தை கான்டோவாக அறிவிக்கும் டிக்ளரேஷன் பத்திரம் பதிவானதும் நகர நிதித்துறை ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வரி எண் கொடுக்கும். மன்ஹாட்டனில் அது 1001-லிருந்து தொடங்கும். அதுவரை ஒரே கட்டடமாக இருந்த சொத்து, அன்றைக்குத்தான் சட்டத்தின் கண்ணில் நூற்றுக்கணக்கான சொத்துகளாகிறது.

11. விற்பனையும் ஒப்படைப்பும்

கீழ் மாடிகளை முதலில் முடித்து, குடிபுகலாம் என்ற தற்காலிகச் சான்றை நகரத்திடம் வாங்கி, கைமாற்றத் தொடங்குங்கள். வருகிற பணம் கடனை அடைக்கும். ஆனால் மேலே டிரில் ஓடும்போது கீழே குழந்தையோடு ஒருவர் குடியிருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட், தூசு மறைப்பு, சத்தத்துக்கு நேர வரம்பு இவற்றை ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

உரிமையாளர்களின் நிர்வாகக் குழு பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஸ்லாபில் எங்கே வெட்டினோம், எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்பதைக் காட்டும் உண்மையான வரைபடங்களைக் கொடுங்கள். குழுவின் தலைவரையும், கட்டடத்தைப் பராமரிக்கும் ஊழியரான சூப்பரையும் பேஸ்மென்டிலிருந்து மொட்டைமாடி வரை ஒருநாள் முழுக்க நடத்திக் கூட்டிப்போங்கள். எந்த வால்வை மூடினால் எந்த வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அந்தந்த வால்விலேயே கட்டித் தொங்கவிடுங்கள். நடு இரவில் இருபதாம் மாடியில் குழாய் வெடித்தால், டார்ச்சோடு ஓடிவருபவர் தேடப்போவது அந்தத் தகட்டைத்தான்.